நாய் கடித்த வண்டி

மெக்கானிக் லோகநாதன் என் வண்டியை ஓட்டிப் பார்க்க எடுத்துக்கொண்டு போய் ஒரு டீ ஆறும் நேரம் ஆயிற்று, டீ ஆறியும் விட்டது, மிஷின் டீ, பொத்தானை அமுக்கினால் ஒரு குழாயில் பால்பொடித் தண்ணீரும் இன்னொன்றில் சர்க்கரைத் தண்ணீரும் பீய்ச்சும், நடுவில் காகிதக் கோப்பையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நான் ஜோத்பூர்ப் பக்கம் போர்வெல் போட்ட காலத்தில் ஒட்டகத்துக்கே இதைவிட நல்ல டீ ஊற்றினார்கள் என்று யாரிடமாவது சொல்லலாமென்றால் இந்தச் சர்வீஸ் கம்பெனிக் கண்ணாடி அறையில் என்னைத் தவிர இருப்பது சத்தத்தை நிறுத்திவைத்த ஒரு டிவியும் மீனில்லாத ஒரு மீன்தொட்டியும்தான். மீன் இல்லாவிட்டாலும் தொட்டி குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. தண்ணீர் சத்தம் கேட்டால் எனக்கு உள்ளங்கை குறுகுறுக்கும். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய் ஊர் ஊராகப் பூமியைத் துளைத்தவன் நான். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காடெல்லாம் நடப்பேன், கீழே நீரோட்டம் இருந்தால் தேங்காய் எழுந்து உட்காரும். எழுந்து நின்று எனக்கு வணக்கம் வைத்த தேங்காயும் உண்டு என்றால் என் சம்சாரம் நல்லம்மாள், வணக்கம் வெச்சுட்டு சௌக்கியமான்னு கேட்டுச்சே, அதையும் சொல்லுங்க என்பாள். இன்று காலையிலும் சொல்லித்தான் அனுப்பினாள், உள்ளதை மட்டும் சொல்லுங்க, சோடிக்காதீங்க, நீங்க சோடிச்சா நெசங்கூடப் பொய்யாட்டத் தெரியுது. ஈரோடு வரும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை மனசுக்குள் செதுக்கிக்கொண்டே வந்தேன். இடதுபுறம் திருப்பும்போது சில சமயம் ஸ்டீயரிங் இறுகி நின்றுவிடுகிறது. அவ்வளவுதான். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதுபோல. கவுண்டரில் இருக்கிற பவதாரணிப் பாப்பாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள், இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள், நான் உதட்டைப் பூட்டிக்கொண்டேன். ஏமாந்த முகத்தோடு கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டாள். என்ன சுத்தமான வாக்கியம். ஒரு பிசிறு இல்லை. ஆனாலும் அதில் ஏதோ விட்டுப்போன மாதிரி அப்போதிருந்தே நெருடுகிறது, சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்ட மாதிரி, குனிந்து பார்த்தால் எல்லாப் பொத்தானும் சரியாகத்தான் இருக்கிறது.

வண்டி ஒன்றும் குப்பை இல்லை. தொழிலை மகன் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்த வருஷம் எடுத்தது, ஏழு பேர் உட்காரலாம், ரோட்டில் போனால் பஸ்காரனே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஹாரன் அடிப்பான். எடுத்த அன்றைக்குச் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டுதான் கிளம்பினோம், மற்ற மூன்றும் சப்பென்று நசுங்கின, இடது முன்சக்கரத்துப் பழம் மட்டும் நழுவி உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. இது கதை இல்லை, நல்லம்மாள் கண்ணால் பார்த்தாள், அன்றைக்கே அவள் முகம் சுண்டிப்போயிற்று. இப்போது வண்டிக்கும் வயதாகிவிட்டது, எனக்கும் ஆகிவிட்டது, இரண்டு பேருக்கும் மூட்டில்தான் கோளாறு. போன வருஷம் பேப்பரில் வந்தது. இந்த மாடலில் இன்ன காலத்தில் செய்த வண்டிகளுக்கு ஸ்டீயரிங் தண்டின் மூட்டு சரியில்லாமல் இருக்கலாம், கம்பெனியே திரும்ப அழைத்து இலவசமாக மாற்றிக் கொடுக்கும் என்று. அடடா, கட்டிக் கொடுத்த பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைக்கிற மாதிரி அழைக்கிறார்களே என்று பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தால், பவதாரணி வண்டியின் சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு, உங்க வண்டி வராதுங்க தாத்தா என்றாள். செய்த தேதி நாலு நாள் பிந்திவிட்டதாம். நாலு நாளில் அந்தத் தொழிற்சாலைக்காரன் திருந்தியா விட்டான்? வியாழக்கிழமை பொருத்திய மூட்டு கெட்டது, திங்கட்கிழமை பொருத்தியது நல்லது என்று எந்தச் சோசியன் கணித்தான், பூரட்டாதிக்குச் சனி உண்டு உத்தரட்டாதிக்கு இல்லை என்கிற மாதிரியா? கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தவும், பழைய வண்டிக்கு இரண்டை அழுத்தவும், புகாருக்கு ஐந்தை அழுத்தவும். அழுத்த அழுத்த உள்ளே போய்க்கொண்டே இருந்தது, செம்மண், சரளை, கரும்பாறை, வெள்ளைப்பாறை, நான் இறக்கிய எந்தப் போரும் அத்தனை ஆழம் போனதில்லை, கடைசியில் பாட்டுத்தான் வந்தது, தண்ணீர் வரவில்லை. சரி, திரும்ப அழைக்காவிட்டால் போகிறது, கோளாறைக் கண்ணால் பாருங்கள் என்று மூன்று தரம் கொண்டுவந்து நிறுத்தினேன். வாசலைத் தாண்டியதும் நல்ல பிள்ளை ஆகிவிடும், டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போன குழந்தை மாதிரி. இந்த முற்றத்தில் சிமெண்டுத் தரையில் எட்டுப் போட்டுக் காட்டுவார்கள், வெண்ணெய் மாதிரித் திரும்பும். பாருங்க தாத்தா, நல்லாத்தானே இருக்குது. ஆமாம் கண்ணு, இங்கே நல்லாத்தான் இருக்குது, இந்தத் தரையில் நல்லாத்தான் இருக்கும், இந்தக் காய்ந்த தரையில். காய்ந்த. என்னமோ நெருடுகிறது.

இன்றைக்கு முற்றத்தில் வேண்டாம், வெளியில் ரோட்டில் எடுத்துப்போய்ப் பாரப்பா என்று லோகநாதனிடம் நான்தான் சொன்னேன். சொன்னது நான்தான். அவன் முப்பத்தைந்து வயது ஆள், வேலையில் பதறாதவன், இந்தக் கம்பெனியில் என் கதைக்குக் காது கொடுக்கிறவன் அவன் ஒருத்தன்தான், ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்பான், மற்றவர்கள் மாதிரி நடுவில் சிரிக்க மாட்டான், முடிந்த பிறகு, அப்புறம் என்னாச்சுங்கையா என்பான், முடிந்துபோன கதைக்கு அப்புறம் எங்கே போவது, நானும் ஏதாவது ஒட்டுப் போட்டு இழுப்பேன். சாவியை வாங்கும்போது இன்றைக்குச் சொன்னான், வர்ற வெள்ளிக்கிழமை மகளுக்குக் காதுகுத்து, கருப்பணசாமி கோயிலில், அவசியம் வரவேண்டும் என்று. புள்ளை ஊசின்னாலே கத்துதுங்க ஐயா, தாய்மாமன் மடியிலயே உக்கார மாட்டேங்குது, நீங்க வந்து அந்த ஒட்டகக் கதையச் சொன்னீங்கன்னா வாயப் பொளந்துட்டு உக்காந்துக்கும். சொல்கிறேனப்பா, ஒட்டகத்துக்கே காது குத்தின கதை ஒன்று இருக்கிறது என்றேன். சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினான். அவன் கேட்டைத் தாண்டியதும் நான் இந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு செங்கோட்டுவேலவனை நினைத்தேன். ஆண்டவா, இன்றைக்காவது நிற்கட்டும், எத்தனை நாளைக்கு என்னையே பொய்யனாக்குவாய், அவன் கையில் ஒரே ஒரு தரம் இறுகி நிற்கட்டும், அவன் வந்து ஆமாங்கையா என்று சொல்லட்டும். நல்ல கனிவான வேண்டுதல். வேண்டி முடித்துக் கண்ணைத் திறந்து, டீயை ஒரு வாய் குடித்து, டிவியில் வாயை வாயை அசைக்கிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நான் வேண்டியது என்னவென்று உறைத்தது. நிற்கட்டும் என்றால் எங்கே நிற்கட்டும். வேலவனிடம் இடம் பொருள் சொல்லித்தானே கேட்க வேண்டும், லாரிக்கு எதிரில் நிற்கக் கூடாது, திருப்பத்தில் நிற்கக் கூடாது, ஆளில்லாத ரோட்டில், மெதுவாகப் போகும்போது, ஒரு பக்கம் காடு இருக்கும்போது. எனக்கு நின்றபோது மரவள்ளிக்காடு இருந்தது. கிழங்கு பிடுங்கி ஓய்ந்த காடு, மண் பொதுபொதுவென்று, வண்டி அதற்குள் இறங்கி முக்கி நின்றது, கை மணிக்கட்டு ஒரு வாரம் வீங்கியிருந்தது, அந்தப் பக்கம் மட்டும் கிணறாக இருந்திருந்தால் இந்நேரம் நல்லம்மாள் தனியாகத்தான் டிவி பார்த்துக்கொண்டிருப்பாள். ஸ்டீயரிங்கைத் திருப்புகிறேன், வளைகிறது வளைகிறது, பாதியில் கல்லில் மோதினது போல நிற்கிறது, இந்தப் பக்கமும் வராது அந்தப் பக்கமும் போகாது, கை மட்டும் பலம் கொடுத்துக்கொண்டிருக்கிறது, வண்டி அதுபாட்டுக்குப் போகிறது. ரிக்கில் குழாய் பாறையில் சிக்கி இறுகினால் இப்படித்தான் இருக்கும். ஆனால் ரிக் நின்ற இடத்தில் நிற்கும். வண்டி போகும்.

வேண்டாம், வாபஸ். வேலவா, நான் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், வெண்ணெய் மாதிரித் திரும்பட்டும், லோகநாதன் திரும்பி வந்து ஒன்றுமில்லைங்கையா என்று சொல்லட்டும், எல்லாரும் சிரிக்கட்டும், எனக்கென்ன, சிரிப்பது உடம்புக்கு நல்லது. கண்ணாடிக்கு வெளியே என்ன இது, வரும்போது வெயில் மண்டையைப் பிளந்தது, இப்போது முற்றத்தில் சொட்டுச் சொட்டாகக் கறுப்புப் புள்ளி விழுகிறது. வாட்ச்மேன் மோட்டார் சைக்கிளைத் தகரக் கூரைக்கு அடியில் தள்ளிக்கொண்டு ஓடுகிறார். ஊருக்குள் ஏற்கனவே அடித்துக்கொண்டிருக்கும் போல, வருகிற வண்டிகளெல்லாம் குளித்துவிட்டு வருகின்றன. உள்ளங்கை குறுகுறுக்கிறது. மீன்தொட்டிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துவிட்டேனா என்று பார்த்தால் இல்லை, தொட்டி அங்கேதான் இருக்கிறது. தேங்காய் எழுந்திருக்கிற மாதிரி கைக்குள் ஏதோ எழுந்திருக்கிறது. தண்ணீர். தண்ணீரை விட்டுவிட்டேன். அட, மடப்பயலே, சோடிக்காதே என்றதும் தோலோடு சேர்த்துச் சுளையையும் எறிந்துவிட்டாயே. தண்ணீர்தானே விஷயம். மரவள்ளிக்காட்டுக்கு முன்னால் தரைப்பாலத்தில் தண்ணீருக்குள் இறங்கி ஏறினேன். இரண்டாம் தரம் குடிநீர்க் குழாய் உடைந்து ரோடெல்லாம் குளமாக நின்ற இடத்தில் போய்வந்த பிறகு. நனைந்தால்தான் நிற்கும், காய்ந்து கிடந்தால் வருஷம் முழுக்க ஒன்றும் இல்லை. இது எனக்குத் தெரியும், அன்றைக்கே தெரியும், அன்றைக்கே வந்து சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதுதான் வினை. இந்தக் கவுண்டருக்கு எதிரில் நின்றுகொண்டு, சங்ககிரி மலையடியில் ஒரு வெறிநாய் துரத்திவந்து ஓடுகிற சக்கரத்தைக் கவ்விவிட்டது, அன்றிலிருந்து என் வண்டிக்குத் தண்ணீர் ஆகவில்லை, தண்ணீரைக் கண்டால் மிரளுகிறது, கழுத்தைத் திருப்ப மாட்டேன் என்கிறது, நீங்கள் ஆயில் மாற்றினால் போதாது, தொப்புளைச் சுற்றி ஊசி போட வேண்டும் என்றேன். என்ன சிரிப்பு. பவதாரணி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள், மேனேஜர் அறையிலிருந்து எழுந்துவந்து, இன்னொருக்காச் சொல்லுங்க தாத்தா என்று கேட்டு செல்போனில் பிடித்துக்கொண்டார், நானும் இரண்டாம் தரம் சொல்லும்போது நாய்க்கு ஒரு கண் நீலம் என்று சேர்த்துக்கொண்டேன், அது இல்லாமல் நாய் எடுபடாது. அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் இதுதான், தாத்தா ஊசி போட்டாச்சா, கட்டு அவுத்தாச்சா. அதனால்தான் இன்றைக்குத் தண்ணீரைச் சொல்லவில்லை. தண்ணீரைச் சொன்னால் நாய் வரும், நாய் வந்தால் சிரிப்பு வரும், சிரிப்பு வந்தால் சாவியை வாங்க மாட்டார்கள். இப்போது சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். எந்த வழியில் போவான்? இங்கிருந்து ஓட்டிப் பார்க்கிறவர்களெல்லாம் ரயில்வே நுழைவுப் பாலத்துக்கு அடியில் போய் ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள், பாலத்தைத் தாண்டியதும் மேடு, மேட்டில் இடதுபுறம் திருப்பம், எதிரில் கல் லாரி வரும். மழை விழுந்தால் அந்தப் பாலத்துக்கடியில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பது ஈரோட்டில் பிறந்த பிள்ளைக்குக் கூடத் தெரியும். மடியில் உட்கார மாட்டேன் என்கிறதாமே அந்தப் பெண் குழந்தை. ஒட்டகக் கதையை யாருக்குச் சொல்வது.

எழுந்தேன், முட்டி சொடுக்கிற்று, கவுண்டருக்குப் போய்ச் சேருவதற்குள் மூச்சு வாங்கிற்று. லோகநாதனைக் கூப்பிடு கண்ணு, தண்ணிக்குள்ள விடவேண்டாம்னு சொல்லு, நனைஞ்சா அந்த வண்டி திரும்பாது என்றேன். சோடனை ஒரு இம்மி இல்லை. பவதாரணி ஒரு கணம் என்னைப் பார்த்தாள், நல்ல பெண், சிரிக்கக் கூடாது என்று கன்னத்தை உள்ளே கடித்துக்கொள்கிறாள், பக்கத்து மேஜைப் பையனிடம், டேய், நாய் வந்துருச்சு என்றாள். அவன் ஒருமுறை குரைத்துக் காட்டினான். மூன்றாவது மேஜைக்காரன், நீலக் கண்ணா தாத்தா என்று கேட்டான். இல்லை அம்மிணி, விளையாட்டில்லை என்றேன், அந்த வார்த்தையே அவர்களுக்கு அடுத்த சிரிப்பாக இருந்தது, நான் ஒவ்வொரு கதையையும் விளையாட்டில்லை என்று சொல்லித்தானே ஆரம்பித்திருக்கிறேன். வண்டி ஓட்டறப்ப அவரு போன் எடுக்க மாட்டாருங்க தாத்தா, ரூல்சு, உக்காருங்க, இன்னொரு டீ குடிங்க. நிஜத்தை எந்தப் பக்கமிருந்து தூக்கிக் காட்டினாலும் அதற்கு ஒரு வால் முளைத்து ஆடுகிறது. வெளியே மழை இப்போது சத்தம் போட ஆரம்பித்துவிட்டது, தகரக் கூரையில் கொட்டுகிறது. மூளையின் ஒரு மூலையில் பழைய பயல் விழித்துக்கொண்டான், இவர்களுக்கு நிஜம் ஆகாது, சரி, எது ஆகும். இவர்கள் எதைக் கேட்டால் சிரிக்க மாட்டார்கள். ஒட்டகம் வேண்டாம், நாய் வேண்டாம், கண்ணும் காலும் இல்லாத, நீலமும் சிவப்பும் இல்லாத, சப்பையான, உப்பில்லாத ஒரு பொய். நான் வாழ்நாளில் சொன்னதிலேயே மட்டமான பொய்யைக் கவுண்டர் மேல் வைத்தேன்.

“வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சுபோச்சு கண்ணு, நேத்தோட.”

சிரிப்பு அறுந்து விழுந்தது. அப்படி ஒரு நம்பிக்கையை அந்த முகங்களில் நான் பார்த்ததே இல்லை. குரைத்த பையன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினான். பவதாரணி கம்ப்யூட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், அதில் எப்படி இருக்கும், நான் பத்திரம் போடுவது என் மச்சினன் மகனிடம், புதுப்பித்த பத்திரம் வண்டிக்குள்ளேயே பிள்ளையார் படத்துக்குப் பின்னால் சொருகியிருக்கிறது. மேனேஜர் வந்தார், எடுத்துக் குடுக்கறப்பவே சொல்ல மாட்டீங்களா தாத்தா, எங்க ஆளு கையில இருக்கற வண்டி, எதுலயாவது தட்டுனா எங்க தலையிலதானே விடியும் என்று பொரிந்தார். வயசாச்சுங்க, மறந்துபோச்சு என்று தலையைக் குனிந்துகொண்டேன், நன்றாக வந்தது. வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக்கூடாது என்கிற ரூல்சு எங்கே போயிற்றோ, மேனேஜரே போட்டார், சத்தமாக வைத்து மேஜைமேல் வைத்தார். மணி அடிக்கிறது. அடிக்கிறது. அடித்து ஓய்ந்து, நீங்கள் அழைத்தவர் என்று அந்தப் பெண் குரல் ஆரம்பித்தது, அதே குரல்தான், ஐந்தை அழுத்தச் சொன்ன குரல். மறுபடி போட்டார். எடு லோகநாதா, இடது பக்கம் திருப்பாதே, எடு, ஒட்டகத்துக்குக் காது குத்தின கதையில் முக்கியமான இடமே இனிமேல்தான் இருக்கிறது. நான் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன், விளிம்பைப் பிடித்த கை தானாக வலதுபுறம் முறுக்கிக்கொண்டிருந்தது. எடுத்தான். முதலில் மழைதான் கேட்டது, பிறகு ஒரு லாரி கடந்துபோகிற சத்தம்.

“எங்கப்பா இருக்கே?” என்றார் மேனேஜர்.

“பாலந்தாண்டிங்க சார். திருப்பத்துல.”

“அப்படியே ஓரங்கட்டு. வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்ல. ஒரு அடி நகத்தாதே, ரெக்கவரி வண்டி அனுப்பறேன்.”

“ஓரமாத்தானுங்க நிக்குது” என்றான்.

மேனேஜர் போனை வைத்துவிட்டார். ஏன் ஓரமாக நிற்கிறது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை, அவர் நிம்மதியாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தோன்றியது. அது தோன்றியதிலிருந்து இந்த நாற்காலியில் முள் முளைத்துவிட்டது. உட்கார்ந்தேன், எழுந்தேன், மீன்தொட்டியைப் பார்த்தேன், கதவுவரைக்கும் போய்விட்டு வந்தேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. குரல் நன்றாக இருந்தால் ஆள் முழுசாக இருக்கிறான் என்று அர்த்தமா, பஞ்சாபில் ஒருத்தன் கால் முறிந்து குழிக்குள் கிடந்துகொண்டு என்னிடம் பீடி இருக்கிறதா என்று கேட்டான், இதுவும் கதை இல்லை, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் கதை ஆகிவிடும் என்று. ஓரமாக அவனாக நிறுத்தினானா, அதுவாக நின்றதா. ஓரத்தில் என்ன இருந்தது. மரவள்ளி இருக்காது அங்கே, சுவர்தான் இருக்கும், சாக்கடை இருக்கும், தள்ளுவண்டிக்காரர்கள் நிற்பார்கள். நல்லம்மாளுக்குப் போன் போடலாமா என்று எடுத்தேன், உள்ளதை மட்டும் சொன்னேன் என்றால் சரி என்பாள், அப்புறம் இன்சூரன்ஸ் என்றால் என்ன சொல்வாள், பையிலேயே வைத்துவிட்டேன். பவதாரணி என்னைத் தாண்டிப் போகும்போது, பேப்பர் கொண்டாந்தாத்தான் வண்டியத் தொடுவோமுங்க தாத்தா, மேனேஜர் சொல்லிட்டாரு என்றாள், பதமாகத்தான் சொன்னாள். ஆகட்டும் கண்ணு. நாலாவது தரமும் கோளாறைப் பார்க்காமலே அனுப்புகிறீர்கள். கேட்டில் ரெக்கவரி வண்டி நுழைந்தது, பின்னால் என் வண்டி முன்காலைத் தூக்கிக்கொண்டு வருகிறது, இடது பக்கம் பம்பர் அருகே சுண்ணாம்பு தேய்த்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. காலையில் அது இல்லை. கோடு நீளமாக இருக்கிறது, ஆனால் கோடுதான். லோகநாதன் டிரைவர் பக்கத்தில் உட்காரவில்லை, பின்னால் நடந்தே வந்தான், அத்தனை மழையில், முழங்கால்வரை சேறு. முழுசாக இருக்கிறான். இரண்டு கை, இரண்டு கால், காது எல்லாம் இருக்கிறது.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தான். சட்டையிலிருந்து தரையில் சொட்டுகிறது. என் நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து சாவியை நீட்டினான், உள்ளங்கை ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. திட்டுவான் என்று பார்த்தேன். திட்டவில்லை. கவுண்டர்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான்.

“ஐயா, அந்த நாய் எந்தச் சக்கரத்தைக் கடிச்சுதுன்னு சொன்னீங்க?”

“முன்னாடி” என்றேன். “இடது.”

தலையாட்டினான். நாய் என்ற வார்த்தை எப்படியோ கவுண்டர்வரைக்கும் போய்விட்டது, பையன் மெல்லக் குரைத்தான், பவதாரணி அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு அவளும் சிரித்தாள். லோகநாதன் எழுந்து மேனேஜர் அறைக்குப் போனான், போன வழியெல்லாம் ஈரக் கால்தடம். கதவு மூடிக்கொண்டது, கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை, டிவி மாதிரித்தான். அவன் இல்லாத ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டுகிறான், இடதுபுறம் வளைக்கிறான், பாதியில் கை நிற்கிறது. தரையைக் காட்டுகிறான், முழங்காலில் கையை வைத்துத் தண்ணீர் எவ்வளவு என்று காட்டுகிறான். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொள்கிறார். அவனைத் தாண்டிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கிறார், பார்த்துவிட்டு அவனைப் பார்க்கிறார், உதட்டோரம் மெல்ல விலகுகிறது. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். லோகநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் மறுபடி தூக்கி, முதலிலிருந்து ஆரம்பித்தான்.